காற்றுக்குச் சாயம் பூசுகிறவர்கள்!

2010, மார்ச் மாதம். பஹ்ரைனில் ஃபார்முலா ஒன் சீஸனின் முதல் ரேஸ். புதிதாக வந்த மூன்று அணிகளில் ஒன்று வர்ஜின் ரேஸிங். ஏரோப்ளேன், ரயில், ரிக்கார்டு கம்பெனி என்று எதையும் விட்டு வைக்காத ரிச்சர்ட் பிரான்ஸனின் பெயரைத் தாங்கிய கார். கறுப்பும் சிவப்புமாகப் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் விசேஷம் பெயின்ட்டில் இல்லை. அதை வடிவமைத்த நிக் விர்த் என்ற இஞ்சினீயர், காரின் உருவத்தை ஒரு தடவைகூட விண்ட் டனலில் வைத்துப் பார்க்கவில்லை!

விண்ட் டனல் என்பது ராட்சஸ மின்விசிறி வைத்த ஒரு குகை. காரின் மாடலை நடுவில் நிறுத்தி, காற்றை விரட்டி, எங்கே தூக்குகிறது, எங்கே அழுத்துகிறது என்று அளப்பார்கள். கட்டுவதற்கும் ஓட்டுவதற்கும் கோடிக்கணக்கில் செலவு. விர்த், 'எதற்கு ஸார் அந்த வெட்டிச் செலவு? காற்றைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே அடித்துப் பார்த்துவிடலாம்' என்ற கட்சி. முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டர் கணக்கிலேயே உருவான கார் என்று உலகமே அதை வேடிக்கை பார்த்தது.

வருஷ முடிவில் வர்ஜின் வாங்கிய மார்க்: சைபர். 12 அணிகளில் 12-வது இடம். 2011-லும் அதே சைபர், அதே கடைசி பெஞ்ச்.

கம்ப்யூட்டரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. கையில் காசு குறைவு. கூட வந்த இன்னும் இரண்டு புது அணிகளும் அந்த வருஷம் சைபர்தான். போதாக்குறைக்கு, பெட்ரோல் டேங்க்கையும் சின்னதாக வைத்துவிட்டார்கள். அதற்குக் காற்று என்ன செய்யும், பாவம்! ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பேப்பரில், டி.வி.யில், ஆபீஸ் பிரசன்டேஷனில் எல்லாம் வருகிறதே, காரைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாய் வழுவழுவென்று வழிகிற காற்று... அந்தப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இதற்குப் பதில் வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். விஷயம் ரொம்ப சிம்பிள். காரைச் சுற்றியுள்ள காற்றைச் சின்னச் சின்ன டப்பாக்களாக நறுக்க வேண்டியது. ஒவ்வொரு டப்பாவிலும் வேகம் என்ன, அழுத்தம் என்ன என்று எழுதிக்கொள்ள வேண்டியது. பக்கத்து டப்பாவிலிருந்து எவ்வளவு வந்தது, அந்தப் பக்கம் எவ்வளவு போனது என்று நம்ம ஆபீஸ் கேஷ் புக் மாதிரி வரவு செலவு பார்த்து, அடுத்த நொடிக்கு பேலன்ஸ் தட்ட வேண்டியது. அந்த வரவு செலவுக்கான விதியை 1822-ல் பிரான்ஸில் நேவியேயும் 1845-ல் ஸ்டோக்ஸும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 'அந்தச் சமன்பாட்டின் விடை எப்போதும் ஒழுங்காக இருக்குமா, இல்லை எங்காவது வெடித்துவிடுமா என்று நிரூபியுங்கள், பத்து லட்சம் டாலர் தருகிறோம்' என்று அமெரிக்காவின் க்ளே கணித நிறுவனம் 2000-ல் பரிசு அறிவித்தது. இதுவரை யாரும் வாங்கவில்லை. கல்யாணமாகாத இளைஞர்கள் முயற்சி செய்யலாம். மற்றவர்களுக்கு நேரம் கிடைக்காது.

இந்த டப்பா வித்தையைக் கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் செய்து பார்த்த ஒரு புண்ணியவான் இருக்கிறார். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்ஸன். இங்கிலாந்துக்காரர், குவேக்கர் மதப்பிரிவு. ஆயுதம் தொடமாட்டேன் என்று முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார். காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கியது போக மிச்ச நேரத்தில், 1910 மே 20-ம் தேதி ஐரோப்பாவின் மேலிருந்த காற்றை டப்பா போட்டு, ஆறு மணி நேரத்துக்கு மட்டும் வானிலை கணக்கிட்டார். கையாலேயே! ஆறு மணி நேர வானிலைக்கு ஏறக்குறைய ஆறு வாரக் கணக்கு. நடுவில் சண்டை மும்முரத்தில் கையெழுத்துப் பிரதி தொலைந்து, சில மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு கரிக் குவியலுக்கு அடியில் அகப்பட்டது.

விடை? ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. சாதாரண நாளுக்கும், உலகத்திலேயே மோசமான புயலின் மையத்துக்கும் உள்ள வித்தியாசமே ஏறக்குறைய அவ்வளவுதான்! நிஜத்தில் அன்றைக்கு அழுத்தம் அசையக்கூட இல்லை. வேறு யாராவதாக இருந்தால் பேப்பரைத் திரும்ப அந்தக் கரிக் குவியலிலேயே போட்டிருப்பார்கள். ரிச்சர்ட்ஸன் 1922-ல் அதை அப்படியே புத்தகமாகப் போட்டார். பிற்காலத்தில் பீட்டர் லின்ச் என்ற ஐரிஷ்காரர் அதே கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஆரம்ப எண்களில் இருந்த சிலுசிலுப்பை வடிகட்டினால் விடை நியாயமாகவே வருகிறது என்று காட்டினார். முறை சரி, உள்ளே போட்ட சரக்கில்தான் கோளாறு.

அந்தப் புத்தகத்திலேயே ஒரு கனவு காண்கிறார். வட்டமான பிரம்மாண்ட அரங்கம், சுவர் முழுக்க உலக வரைபடம், 64,000 பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டு பூமியின் வானிலையைக் கணக்குப் போடுகிறார்கள். நடுவில் ஒருத்தர் நின்று, கச்சேரி நடத்துகிற மாதிரி வேகத்தைச் சரிபார்க்கிறார். இன்றைக்கு ஆயிரக்கணக்கான பிராசஸர் கோத்த சூப்பர் கம்ப்யூட்டர் செய்வது அதையேதான். டிபன் பிரேக் மட்டும் கிடையாது.

ரிச்சர்ட்ஸன் விஷயத்தில் இன்னொன்று. 1920-ல் வானிலைத் துறையை விமானப்படை அமைச்சகத்துக்குக் கீழே கொண்டு வந்தார்கள். வேலையை ராஜினாமா செய்தார். காற்றில் புகை எப்படிக் கலந்து பரவுகிறது என்ற தன் ஆராய்ச்சியை ஆவலோடு படிப்பது விஷவாயு தயாரிக்கும் ஆசாமிகள் என்று தெரிந்ததும், அந்த வேலையையே நிறுத்தி, அச்சாகாமல் இருந்ததை அழித்தும் விட்டார். சம்பளம், பென்ஷன் கணக்குப் பார்க்கிற நமக்குக் கொஞ்சம் தொண்டையை அடைக்கிற சங்கதி.

சரி, டப்பா கணக்கில் எங்கே வில்லங்கம்? ஊதுபத்தியைப் பாருங்கள். ஃபேனை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நாலைந்து அங்குலம் புகை நூல் பிடித்த மாதிரி மேலே போகும். அப்புறம் லேசாக நெளியும். அப்புறம் ஒரேயடியாகக் கலைந்து சுருள் சுருளாகப் பிரியும். அந்தக் கடைசிக் குழப்பத்துக்குத்தான் டர்புலன்ஸ் என்று பெயர். 1883-ல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் சாயத்தைக் கசியவிட்டு இதையே பார்த்தார். வேகத்தைக் குழாயின் அகலத்தால் பெருக்கி, திரவத்தின் பிசுபிசுப்பால் வகுத்தால் ஓர் எண் வரும். அதற்கு அவர் பெயரே வைத்துவிட்டார்கள். குழாயில் அந்த எண் சுமார் 2,000 இருக்கும்வரை தண்ணீர் பரம சாது. அதைத் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் ரகளை. 250 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ரேஸ் காருக்கு அந்த எண் என்ன தெரியுமா? இரண்டு கோடிக்கு மேல்!

ரகளையின் உள்ளே ஓர் ஒழுங்கு உண்டு. பெரிய சுழல் உடைந்து தன் சக்தியைச் சின்னச் சுழல்களுக்குக் கொடுக்கிறது. அவை இன்னும் சின்னதுகளுக்கு. டில்லியில் ஒதுக்கிய நிதி மாநிலம், மாவட்டம், வட்டம் என்று இறங்குகிறதே, அப்படி. கடைசிக் கட்டத்தில் எல்லாம் உராய்ந்து வெறும் சூடாகக் காணாமல் போகிறது. (நிதியும்தான்.) அந்தக் கடைசிச் சுழல் எவ்வளவு சின்னது என்று 1941-ல் ரஷ்யாவின் கோல்மகோரோவ் ஒரு சூத்திரம் கொடுத்தார். அதை வைத்து நம் ரேஸ் காருக்குத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவாக வருகிறது! டப்பா அதைவிடச் சின்னதாக இருந்தால்தானே சுழல் கண்ணில் படும்? அப்படியென்றால் காரைச் சுற்றி எத்தனை டப்பா? நூற்றுக்கணக்கான கோடி கோடி. எழுத்துப் பிழையில்லை. கோடி இரண்டு தடவை.

இப்படி ஒரு சுழலையும் விடாமல் கணக்கிடுவதை முதலில் செய்தவர்கள் ஆர்ஸாக், பாட்டர்ஸன் என்ற இரண்டு அமெரிக்கர்கள், 1972-ல். நீளம் 32, அகலம் 32, உயரம் 32. மொத்தம் 32,768 புள்ளி. டென்னஸியில் 2022-ல் வந்த ஃப்ரான்டியர் சூப்பர் கம்ப்யூட்டரில் இந்த ரகக் கணக்கை எந்த அளவுக்குக் கொண்டுபோனார்கள் என்றால், பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் 32,768 புள்ளி! அன்றைக்கு மொத்தமாக இருந்தது இன்றைக்கு ஓர் ஓரம். மொத்தம் 35 லட்சம் கோடி. இதற்கும் நம் ரேஸ் காருக்கும் நடுவே இன்னும் ஆயிரம் மடங்கு பாக்கி. அதைவிடத் தமாஷ், அந்தப் பெட்டிக்குள் கார் இல்லை, இறக்கை இல்லை, சுவர்கூட இல்லை. வெறும் குழப்பம் மட்டும்தான்.

நம் நாட்டிலும் இந்த ஆசை அப்போதே உண்டு. 1991-ல் வந்த 'பரம்' சூப்பர் கம்ப்யூட்டர் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1986-லேயே, பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடத்தில் சாதாரண பிராசஸர்களைச் சேர்த்துக் கட்டி ஒரு மெஷின் செய்தார்கள். பெயரே ஃப்ளோசால்வர். காற்றோட்டத்தைத் தீர்ப்பவன்! இவ்வளவு பொருத்தமான பெயர் வைத்தும் அது ஏனோ பிரபலமாகவில்லை.

முழுசாகக் கணக்கிட முடியாது என்றால் கம்பெனிகள் என்ன செய்கின்றன? சராசரி எடுத்துவிடுகின்றன. இதற்கும் ஆதிகர்த்தா ரேனால்ட்ஸ்தான், 1895-ல். ஒவ்வொரு நொடியும் காற்று எப்படிக் குதிக்கிறது என்று பார்க்காதே, நீண்ட நேரத்துக்கு மொத்தத்தில் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார். சராசரி எடுத்தால் குதிப்பெல்லாம் மறைந்துவிடும் என்று தோன்றும். மறையாது. சமன்பாட்டின் ஓரத்தில் ஒரு பாக்கித் தொகை நிற்கும். அதை அடைக்கச் சமன்பாடு கிடையாது, அனுபவம்தான். 1974-ல் லண்டன் இம்பீரியல் காலேஜின் லாண்டரும் ஸ்பால்டிங்கும் பிரபலமாக்கிய கே-எப்ஸிலான் என்ற மாடலில் ஐந்து எண்கள்: 0.09, 1.44, 1.92, 1, 1.3. சோதனைக்கூட அளவுகளோடு ஒத்துப் போகும்படி தேர்ந்தெடுத்தவை. பாட்டி ரசத்துக்குப் புளி கரைக்கிற கணக்கு மாதிரி. நல்ல பாட்டி, நல்ல ரசம். ஆனால் அதே கைப்பக்குவத்தில் பிரியாணி செய்தால்? குழாய், கால்வாய் எல்லாவற்றுக்கும் அந்த ஐந்து எண்கள் அழகாக உழைக்கும. காற்று பரப்பை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகிற இடத்தில் தடுமாறும். ரேஸ் காரில் சுற்றுகிற டயருக்குப் பின்னால் வேறென்ன நடக்கிறது?

சராசரி என்பது எவ்வளவு பெரிய கள்ளன் என்று நானே என் லேப்டாப்பில் செய்து பார்த்தேன். சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம், கல்லூரிப் பையன்கள் எழுதுகிற அளவு சின்ன புரோகிராம் போதும். 400-க்கு 160 கட்டம். மொத்தம் 64,000. ரிச்சர்ட்ஸனின் அரங்கத்துக்கு என் சின்ன மரியாதை. நடுவில் ஒரு வட்டம். ஒரு கம்பத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரி. ரேனால்ட்ஸ் எண் 150. இடமிருந்து காற்றை அனுப்பினால், கொஞ்ச நேரம் கழித்து கம்பத்தின் பின்னால் மேலே ஒரு சுழல், கீழே ஒரு சுழல் என்று மாற்றி மாற்றிக் கழன்று, ஊர்வலம் கிளம்பிவிடுகிறது. ஹங்கேரியில் பிறந்த ஃபான் கார்மான் 1911-ல் இந்த வரிசைக்குக் கணக்கு எழுதினார். ஆடிக் காற்றில் கரன்ட் கம்பி ரீங்காரம் செய்கிறதே, அது இந்த ஊர்வலத்தின் சத்தம்தான்.

சுழலுக்குச் சிவப்பும் நீலமும் பூசி, மத்தியான இடைவேளையில் ஓடவிட்டிருந்தேன். பக்கத்து ஸீட் நண்பர் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஸார், புது ஸ்கிரீன் சேவரா?"

"இல்லைய்யா, காற்று."

"எங்கே போகுது?"

"கம்பத்தைச் சுத்திக்கிட்டுப் போகுது."

"அதுக்கு ஏன் இவ்வளவு ஆட்டம்?"

நியாயமான கேள்வி. ஆட்டத்தை நிறுத்திக் காட்டினேன். 2,000 ஃபிரேம்களையும் கூட்டி வகுத்து ஒரே படமாகப் போட்டதும், சுழல் ஒன்றையும் காணோம்! கம்பத்துக்குப் பின்னால் ஓர் அமைதியான நிழல். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் அச்சு அசலாக ஒன்று. கம்பத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிற விசையின் சராசரி? பூஜ்யம். நிஜத்தில் அந்தக் கம்பம் நிமிஷத்துக்கு நிமிஷம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது படம்தான் நல்லாயிருக்கு ஸார், நீட்டா" என்றார் நண்பர். மேலதிகாரிகளும் அப்படித்தான் சொல்வார்கள்!

(என்னுடையது தட்டையான, இரு பரிமாணக் காற்று. அசல் டர்புலன்ஸுக்கு மூன்று பரிமாணம் வேண்டும். தட்டை உலகத்தில் சின்னச் சுழல்கள் உடையாமல், ஒன்றோடொன்று சேர்ந்து பெரிசாகும். நிஜத்துக்கு நேர் எதிர். யாராவது தட்டைப் படத்தைக் காட்டி டர்புலன்ஸ் என்றால் லேசாகப் புன்னகை செய்யவும்.)

பூஜ்யம் என்ற சராசரி என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தின் ஃபெர்ரிபிரிட்ஜைச் சொல்ல வேண்டும். அங்கே ஓர் அனல் மின்நிலையம். எட்டு குளிர்விப்புக் கோபுரங்கள், இரண்டு வரிசையாக. எண்ணூர்ப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்களே, இடுப்பு சிறுத்த அந்தப் பிரம்மாண்டக் குடுவைகள், அந்த ரகம். உயரம் சுமார் 115 மீட்டர். 1965, நவம்பர் 1-ம் தேதி பலத்த காற்று. காற்றை நேராக வாங்கிய முன்வரிசைக் கோபுரங்கள் கம்பீரமாக நின்றன. மறைவில் பத்திரமாக இருந்த பின்வரிசையில் மூன்று, ஒன்றன் பின் ஒன்றாகச் சரிந்தன!

விசாரித்தார்கள். டிசைனில் எடுத்துக்கொண்டது காற்றின் சராசரி வேகம். திடீர் வீச்சுக்குப் போதுமான இடம் விடவில்லை. தவிர, சோதித்தது ஒற்றைக் கோபுரத்தை. கூட்டமாக நிற்கும்போது முன்னால் நிற்பவை பின்னால் இருப்பவற்றின் மேல் காற்றைக் குவித்துக் கொந்தளிக்க வைக்கும் என்பது கணக்கில் வரவில்லை. அந்தப் புயலின் சராசரி வேகம் மட்டும் அடித்திருந்தால் எட்டும் நின்றிருக்கும். கோபுரங்களைத் திரும்பக் கட்டி, மற்றவற்றைப் பலப்படுத்தினார்கள். 2016-ல் மின்நிலையத்தை மூடிய பிறகு, 2019-லும் 2022-லும் அத்தனை கோபுரங்களையும் வெடி வைத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது.

முழுக் கணக்குக்கும் சராசரிக்கும் நடுவே ஒரு பாதை உண்டு. பெரிய சுழல்களை நிஜமாகக் கணக்கிட்டு, டப்பாவுக்குள் அடங்கிவிடுகிற பொடிசுகளுக்கு மட்டும் உத்தேசம் வைத்துக்கொள்வது. 1963-ல் ஸ்மகரின்ஸ்கி என்ற வானிலைக்காரர் இதைத் தொடங்கி வைத்தார். சுவர் பக்கத்தில் சராசரி, தள்ளிப் போனால் சுழல் என்று 1997-ல் ஸ்பலார்ட் இரண்டையும் ஒட்டுப் போட்டார். செலவு கூடுதல்தான். ஆனால் கோபுரத்தை ஆட்டுகிற ஆசாமி படத்தில் தெரிவான்.

தெரிவானா என்பது படம் போடுகிறவர் கையில் இருக்கிறது, அதுதான் அடுத்த வம்பு. இந்தத் துறையில் எல்லோரும் பாராட்டும் படங்கள், நூல்கண்டைப் பூனை கலைத்த மாதிரி ஆயிரக்கணக்கான சுழல்கள் பின்னிக் கிடப்பவை. அவற்றைப் போட ஒரு திருகு இருக்கிறது: 'இந்த அளவுக்கு மேல் சுழன்றால் மட்டும் காட்டு.' திருகைக் குறைத்தால் படம் முழுக்கக் காடு. கூட்டினால் பாலைவனம். உள்ளே எண்கள் அதே எண்கள்தான்! வானவில் வண்ணம் பூசினால் இன்னும் மோசம். மஞ்சள் வருகிற இடத்தில் கண் தானாகவே ஒரு கோடு போட்டுக்கொள்ளும். காற்றில் அங்கே ஒரு கோடும் இருக்காது. ஐந்நூறு வருஷத்துக்கு முன் லியனார்டோ டாவின்சி, குட்டையில் விழுகிற தண்ணீரைப் பின்னல் பின்னலாக வரைந்து வைத்தார். அவரிடம் இருந்தது கண்ணும் கையும் மட்டும்தான். ஆனால் பெரிய சுழலுக்குள் சின்னச் சுழலை விடாமல் போட்டிருக்கிறார்.

சினிமாக்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. 1999-ல் யோஸ் ஸ்டாம் என்பவர் ஒரு முறை கண்டுபிடித்தார். எவ்வளவு பெரிய கால இடைவெளி வைத்தாலும் கணக்கு வெடிக்காது. ரிச்சர்ட்ஸன் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். விலை என்னவென்றால் சின்னச் சுழல்கள் சீக்கிரம் மழுங்கிப்போகும், புகை பாயசம் மாதிரி நகரும். அதனால் 2001-ல் அவரும் கூட்டாளிகளும், தொலைந்த சுழலை ஒரு பொய் விசை கொடுத்துத் திரும்பக் கிளப்பிவிட்டார்கள். திரையில் குண்டு வெடித்து நெருப்பு உருளும்போது நாம் வாய் பிளக்கிறோம். அங்கே சுழல் தப்பானால் யார் தலையிலும் கோபுரம் விழப்போவதில்லை.

அடுத்த தடவை மீட்டிங்கில் யாராவது வழவழா படத்தைக் காட்டினால், பவ்யமாக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ஸார், இது சராசரியா, அந்த நொடியா?" இன்கிரிமென்ட்டுக்கு நான் பொறுப்பில்லை.

வர்ஜின் அணி 2011 ஜூனில் விர்த்தோடு உறவை முடித்துக்கொண்டு, அடுத்த மாதமே மெக்லாரனோடு கைகோத்து, அவர்களுடைய விண்ட் டனலுக்கு நடக்க ஆரம்பித்தது. ஃபார்முலா ஒன்னில் விண்ட் டனல் நேரத்துக்கும் கம்ப்யூட்டர் கணக்குக்கும் சேர்த்தே ரேஷன் போட்டிருக்கிறார்கள். 2021 முதல் சாம்பியனுக்குக் குறைவு, கடைசியில் வந்தவருக்கு அதிகம்.